கொழும்பில் மேல் ஞானப்பல்: நாள் குறிக்குமுன் படத்தைப் பாருங்கள்

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகும்போது பல் வேலையையும் முடித்துக்கொண்டு வரலாம் என்று நினைப்பவர்கள் நம்மில் அதிகம். பல் சுத்தம் செய்வதற்கும் ஓட்டை அடைப்பதற்கும் அது சரி. எலும்புக்குள் முடங்கிக் கிடக்கும் மேல் ஞானப்பல்லின் கதை வேறு. "மேல்பல்தானே, லேசாக வந்துவிடும்" என்று வெள்ளவத்தையில் உங்கள் மாமி சொல்லுவார். அது பாதி உண்மை. மேல்தாடை எலும்பு கீழ்த்தாடையை விட மென்மையானது. உதடு மரத்துப்போகும் பயமும் அங்கே இல்லை. மீதியை ஓ.பி.ஜி. எக்ஸ்ரேதான் சொல்லும்; இரண்டு தாடையையும் எல்லாப் பற்களையும் ஒரே படத்தில் காட்டுவது அது.

படம் கைக்கு வந்ததும் முதலில் உயரத்தைப் பாருங்கள். பக்கத்துக் கடைவாய்ப்பல்லின் கடிக்கும் பரப்போடு ஞானப்பல்லின் தலை ஏறக்குறைய ஒட்டி நின்றால் வேலை சுலபம். பக்கத்துப் பல்லின் வேர் தொடங்கும் மட்டத்துக்கு மேலே ஏறிக் கிடந்தால் ஈறைக் கீறி எலும்பை எடுக்க வேண்டிவரும். அடுத்தது சாய்வு. கீழ்த்தாடையில் முன்பக்கம் சாய்ந்த பல் பெரும்பாலும் எளிது, பின்பக்கம் சாய்ந்ததுதான் தொல்லை. மேல்தாடையில் இது தலைகீழ்: தொண்டைப் பக்கம் சாய்ந்தது ஓரளவு இலகுவாக வரும், முன்னே சாய்ந்தது பக்கத்துப் பல்லில் முட்டிக்கொண்டு நிற்கும், அதை மூடிய எலும்போ கருவி எட்டாத பின்புறத்தில் இருக்கும். கீழ்ப்பல் பிடுங்கிய அனுபவத்தை வைத்துக் கணக்குப் போடுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். வேர்கள் ஒன்றாகச் சேர்ந்து கூம்பாக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். விரிந்தோ கொக்கிபோல் வளைந்தோ இருந்தால் நேரம் எடுக்கும்.

மேல்பல்லுக்கே உரிய சிக்கல் சைனஸ். கன்னத்துக்குப் பின்னே மேல்தாடை எலும்புக்குள் இருக்கும் அந்தக் காற்றறைக்கும் வேருக்கும் நடுவே சில வேளை மெல்லிய சவ்வு மட்டுமே இருக்கும். அது கிழிந்தால் வாய்க்கும் மூக்குக்கும் வழி உண்டாகி, குடிக்கும் தேநீர் மூக்கால் வரும். உயரத்தில் கிடக்கும் பல் அரிதாகச் சைனஸுக்குள்ளேயே நழுவிவிடுவதும் உண்டு. ஓ.பி.ஜி. தட்டையான படம், வேர் சைனஸுக்குள் நிற்பதுபோல் தெரிவது வெறும் நிழலாகவும் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் முப்பரிமாண ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். வயது கூடக்கூட எலும்பு இறுகும், சைனஸும் விரியும். பல்லோடு தாடையின் பின்முனை எலும்பு உடைந்து வரும் ஆபத்தும் கூடும்.

படத்தில் தெரியாத ஒன்று, வாய் எவ்வளவு திறக்கிறது என்பது. மூன்று விரல்களை நெடுக்காக வாய்க்குள் வைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பல வருடம் வெற்றிலை பாக்குப் போட்ட பெரியவர்களுக்கு வாய் இறுகியிருப்பது உண்டு. ஆவென்று முழுதாகத் திறந்தாலும் கீழ்த்தாடை எலும்பு முன்னே வந்து வழியை மறைக்கும். வைத்தியர் வாயைப் பாதி மூடச் சொன்னால் தயங்காமல் மூடுங்கள்.

படம் சுலபமென்று காட்டினால் நல்ல பல் வைத்தியர் போதும். இல்லையென்றால் தனியார் வைத்தியசாலையில் வாய், முக அறுவைச் சிகிச்சை நிபுணரைச் சனல் செய்யுங்கள், அதாவது முன்பதிவு செய்து பாருங்கள். அரசாங்கத்தில் வோட் பிளேசில் தேசிய பல் வைத்தியசாலை இருக்கிறது. இரத்தம் உறையாமலிருக்கவோ எலும்புத் தேய்வுக்கோ மருந்து எடுப்பவர்கள் பட்டியலோடு போங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

நாளைப் பொறுத்தவரை, விடுமுறையின் தொடக்கத்தில் செய்யுங்கள். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்கு வரும். தையல் பிரிக்க ஒரு வாரம் ஆகலாம். யாழ்ப்பாணத்துக்கு டிக்கெட் அதன்பிறகு எடுங்கள். சைனஸ் திறந்துவிட்டால் சுமார் இரண்டு வாரம் மூக்குச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்தே தும்ம வேண்டும். விமானத்தில் ஏறலாமா என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். திரும்ப ஐந்தாறு நாளே இருக்கும்போது கடினமான பல்லைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. வலியோ கிருமித் தொற்றோ இல்லாத பல்லென்றால் எக்ஸ்ரேயின் பிரதியை வாங்கிக்கொண்டு, நீங்கள் வாழும் நாட்டில் உங்கள் பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.