மீன் செத்த பிறகு சின்ன ரீஃப் டேங்குக்கு மாறுகிறீர்களா? நான் செய்த தப்புகளைச் செய்யாதீர்கள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப் போட்டபோது எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் முதல் நாள் மதியமே படுத்துவிட்டது. பவளமும் கடல் மீனும் வளர்க்கும் 400 லிட்டர் உப்புநீர்த் தொட்டியில், அதாவது ரீஃப் டேங்கில், இருந்த ஒன்பது மீன்களில் ஒரே ஒரு குளோன்ஃபிஷ் (கோமாளி மீன்) மிஞ்சியது. டார்ச் அடித்துப் பார்த்தால், நீர்மட்டத்தில் வாயை வைத்துக்கொண்டு செவுளைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. “இனிமே இவ்ளோ பெருசு வேணாம், சின்னதா ஒண்ணு போதும்” என்று வீட்டில் அன்றே முடிவாகிவிட்டது. அந்த முடிவில் தப்பில்லை. அதற்குப் பிறகு நான் செய்தவைதான் தப்பு.

என் மீன்கள் ஏன் செத்தன என்பதாவது எனக்குத் தெரியும். பம்ப் நின்றதும் ஆக்சிஜன் குறைந்தது, முதலில் செத்தவை அழுகி அம்மோனியாவை ஏற்றின. காரணமே தெரியாமல் டேங்கை மாற்றுகிறவர்கள்தான் அதிகம். வெள்ளைப் புள்ளி நோயில் போயிருந்தால், அந்த ஒட்டுண்ணியின் முட்டைக்கூடு போன்ற பருவம் பாறையிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதே பாறையை 80 லிட்டர் புது டேங்குக்குக் கொண்டுபோனால் நோயும் கூடவே குடிவரும். மீனே இல்லாமல் 76 நாள் விட்டுவைத்தால் ஒட்டுண்ணி பட்டினியில் அழியும். பவளமும் இறாலும் நத்தையும் அந்த நாட்களில் அங்கேயே இருக்கலாம், அவற்றின் உடலில் அது வாழாது. மிஞ்சிய மீனுக்குத் தனி டேங்கில்தான் தாமிர மருந்து. அவசரத்தில் மெயின் டேங்கில் ஊற்றினால் இறாலும் பவளமும் போகும், பாறையும் தாமிரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

என் பெரிய சறுக்கல் மணல். நல்லா ஊறின மணலாச்சே, அம்மோனியாவைச் சிதைக்கிற பாக்டீரியா நிறைய இருக்குமே என்று அப்படியே அள்ளிப் புது டேங்கில் கொட்டினேன். அள்ளும்போதே அடியில் கரிய படலம், அழுகிய முட்டை நாற்றம். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். மூன்று வருஷ மீன் கழிவும் மிச்சத் தீனியும் ஒரே கலக்கில் தண்ணீருக்குள் வந்தன. இரண்டாம் நாள் அம்மோனியா டெஸ்ட் குழாய் பச்சையாகிவிட்டது, அம்மோனியா ஏறியதற்கு அடையாளம் அது; புயலில் தப்பிய குளோன் மூன்றாம் நாள் போய்விட்டது. மணல் புதிதாக வாங்குங்கள், பெரிய செலவில்லை. பழைய தண்ணீரையும் பொக்கிஷமாகச் சுமக்க வேண்டாம். உபயோகமான பாக்டீரியாவில் பெரும்பகுதி பாறையில்தான் குடியிருக்கிறது. பாறையைக் காயவிடாமல் உப்புத் தண்ணீர் டப்பில் போட்டு, தண்ணீரை அலைபோல் ஓடவைக்கும் வேவ்மேக்கர் பம்ப் ஒன்றை ஓடவிட்டு, அம்மோனியா பூஜ்யத்தில் சில நாள் நின்ற பிறகு டேங்குக்கு மாற்றுங்கள்.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று அடுப்பில் வைத்துக் கொதிக்க வைக்காதீர்கள். பாறையில் ஜோவாந்திட், பாலித்தோவா என்ற பவளம் போன்ற உயிரினங்கள் ஒட்டியிருந்தால் அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் உண்டு. ஆவியில் அது கலந்து, வீட்டிலிருந்த எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன. பிரஷ் போட்டுத் தேய்ப்பதானாலும் கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் வைத்தே தேய்க்கவும்.

சின்ன டேங்க் என்றால் வேலை குறையும் என்று நினைத்தேன். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. ஃபேன் ஓடும் 80 லிட்டர் டேங்கில் தினம் 2 லிட்டர் ஆவியாகிறது என்று வையுங்கள். உப்பு ஆவியாகாது. 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) ஒரே நாளில் 35.9 ஆகும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் மூன்று நாள் கழித்து வந்தால் 37.8. பழைய 400 லிட்டரில் தினம் 4 லிட்டர் போனாலும் ஒரு நாளைக்கு 35.35தான். சென்னை வெயிலில் சில்லர் (தண்ணீரைக் குளிரவைக்கும் மெஷின்) இல்லாதவர்கள் ஃபேன்தான் வைப்பார்கள், ஃபேன் வைத்தால் ஆவியாதல் இன்னும் கூடும். ஆகவே கழிவை நுரையாக வெளியேற்றும் ஸ்கிம்மரை வாங்குவதற்கு முன்பே, ஆவியான தண்ணீரைத் தானாக ஈடுகட்டும் ஆட்டோ டாப்அப் வாங்குங்கள். அதில் ஊற்றுவது நன்னீர், உப்புநீர் இல்லை. சமையலறை ஆர்ஓ தண்ணீரையும் நம்ப வேண்டாம். குடிக்க ருசியாக இருக்கட்டுமென்று பல மெஷின்கள் கொஞ்சம் மூலத் தண்ணீரைத் திரும்பக் கலக்கின்றன. கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை முக்கிப் பாருங்கள், பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

பழைய லைட்டையே மாட்டியது அடுத்த கோளாறு. 60 செ.மீ. ஆழத்துக்கு வாங்கிய எல்இடி 35 செ.மீ. ஆழத்தில் நெருப்பு மாதிரி அடித்தது, லெதர் பவளம் ஒரே வாரத்தில் வெளுத்தது. 20 சதவீதத்தில் ஆரம்பித்து வாரவாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருக்க வேண்டும். பழைய வேவ்மேக்கரும் வேண்டாம், மணல் புயல்தான் வரும்.

மீன் விஷயத்தில் கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். “சார், 80 லிட்டருக்கு அஞ்சாறு மீன் தாராளமா விடலாம்” என்றார் ஒருவர். ப்ளூ டேங் என்கிற அந்த நீல மீன் குட்டியில் அழகாகத்தான் இருக்கும், வளர்ந்தால் 30 செ.மீ. வரை போகும். மாண்டரின் சின்ன மீன்தான், ஆனால் நாளெல்லாம் பாறையில் கோப்பிபாட் என்ற நுண்ணிய உயிரிகளைப் பொறுக்கித் தின்னும். சின்ன டேங்கில் அது சீக்கிரமே தீர்ந்துவிடும், மீன் பட்டினியில் வற்றும். ஒரு ஜோடி குளோன், ஒரு கோபி (அடியில் திரியும் சின்ன மீன்) போதும். பண்ணையில் பொரித்த குளோனாகக் கேளுங்கள். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் குளோன் குஞ்சு பொரிப்பை வெற்றிகரமாகச் செய்திருக்கிறது, கடலில் பிடித்தே ஆகவேண்டிய மீன் இல்லை அது. கல் போன்ற கூடு கட்டும் கடின பவளத்தையும் கடற்குதிரையையும் யாராவது மறைவாகக் காட்டினால் நகர்ந்துவிடுங்கள். இரண்டுமே 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் உடைத்தெடுத்த பவளப் பாறையை ‘லைவ் ராக்’ (உயிரிகள் குடியேறிய பாறை) என்று விற்றாலும் அதே கதைதான். செராமிக் பாறை கிடைக்கிறது, பாக்டீரியா பிடிக்கக் கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான்.

இந்த முறை நான் முதலில் வாங்கியது பேட்டரி ஏர்பம்ப். கரண்ட் போனால் தானாக ஓடும் வகை. மாதத்தின் முதல் ஞாயிறு அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குமிழ் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காபி.