வகுப்பு நாளில் தோட்டமும் வெளிவேலையும்: ஐம்பதைக் கடந்த மாணவர்களுக்கு

மண்டபம் பகுதியிலிருந்து சனிக்கிழமை வகுப்புக்கு இராமநாதபுரம் செல்பவர், வெயில் ஏறுமுன் தோட்ட வேலையை முடித்துவிட வேண்டும். இக்கடற்கரையில் பல கிணறுகளின் நீர் உவர்ப்பானது என்பதால், அதை இலைகளில் தெளிக்காமல் வேரடியில் மட்டும் ஊற்ற வேண்டும். இலை ஓரம் பழுப்பேறிக் கருகத் தொடங்கினால், உப்பு மிஞ்சுகிறது என்று கொண்டு, சேமித்த மழைநீரை இரண்டு வேளை தாராளமாக விடலாம். மணலில் ஈரம் நிற்காது. ஆகவே குழியில் கண்மாய் வண்டலையும் மட்கிய சாணத்தையும் கலந்து, மேலே தென்னை மட்டைத் துண்டுகளைப் பரப்புவது அவசியம். முருங்கை அதிகம் தொந்தரவு தராது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாயை வடகிழக்குப் பருவமழையை ஒட்டிப் பயிரிடலாம்.

இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கி திறக்காது. மற்ற வாரங்களில் அந்த வேலையை வகுப்புக்கு முன்பே முடித்துக்கொள்ளவும். பேருந்தில் பாடப் புத்தகத்தைப் புரட்டுவதைவிட, முதல்நாள் எழுதிய குறிப்புகளை மட்டும் பார்ப்பதே கண்ணுக்கும் நினைவுக்கும் நல்லது என்பேன். மீனைத் திரும்பும்போது வாங்குங்கள். வகுப்பில் பக்கத்தில் அமர்பவரையும் எண்ணிப் பார்க்க வேண்டுமல்லவா? அன்றைய பாடக் குறிப்பை இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே திருத்தி எழுதிவிடவும்.