100 அடிக்குள் என்ன செய்ய வேண்டும்: கலிபோர்னியாவில் காட்டுத்தீக்கு முன் வீட்டைச் சுற்றித் துப்புரவு

கலிபோர்னியாவின் மலைச்சரிவில் புதிதாக வீடு வாங்கிக் குடியேறுகிறவர்கள், மார்ச் மாதத்தில் பச்சைப் பசேலென்று இருந்த புல் மே கடைசிக்குள் வைக்கோல் நிறத்துக்கு மாறிவிடுவதைக் கண்டதும், தொலைவிலிருக்கும் மரங்களை வெட்டுவதைப் பற்றித்தான் முதலில் யோசிக்கிறார்கள். அந்த வரிசை தவறானது. பெரும்பாலான வீடுகளை எரிப்பது மர உச்சிகளை விழுங்கிக்கொண்டு வரும் நெருப்புச் சுவர் அன்று. அதற்கு வெகு முன்பாகவே காற்றில் பறந்து வந்து, சுவரோரச் சருகில் விழும் தீக்கங்குகள்தான். 2018 நவம்பர் 8 அன்று மூண்டு, வடக்கு கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரை அழித்த காட்டுத்தீயில் 85 பேர் உயிரிழந்தார்கள்; 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. வீடுகள் சாம்பலாகிக் கிடந்த தெருக்கள் பலவற்றில், அருகிலேயே பைன் மரங்கள் பச்சை மாறாமல் நின்றிருந்தன. ஆகவே வேலையைச் சுவரில் தொடங்கி வெளிப்புறமாக நகருங்கள்.

தீ அபாயம் மிகுந்த பகுதிகளில் வீட்டைச் சுற்றி 100 அடி வரை, அல்லது உங்கள் மனையின் எல்லை வரை, இந்தத் துப்புரவைச் செய்வது சட்டப்படி வீட்டுக்காரரின் கடமை. அந்த 100 அடியை மூன்று வளையங்களாகப் பிரித்திருக்கிறார்கள்.

முதல் படி, சுவரிலிருந்து 5 அடி. ‘ஜோன் 0’ என்று குறிப்பிடப்படும் இந்த வளையத்துக்கு ஒரு முழு வார இறுதியை ஒதுக்குங்கள். ஏணியில் ஏறிக் கூரையையும், கட்டர் எனப்படும் கூரையோரக் கால்வாயையும் பாருங்கள். அங்கே பைன் ஊசியும் இலையும் காய்ந்து மெத்தைபோல் படிந்திருக்கும். கையுறை அணிந்து அள்ளி வாளியில் போடுங்கள். பிறகு டெக் எனப்படும் மரத்தளத்தின் கீழே குனிந்து பாருங்கள். எங்கள் வீட்டில் முதன்முறையாக அப்படிப் பார்த்தபோது, பல ஆண்டு ஓக் சருகும், குடிவந்தபோது போட்டுவைத்த அட்டைப்பெட்டிகளும், ஒரு பழைய தென்னந்துடைப்பமும் கிடந்தன. சருகைப் பிடித்ததும் அப்பளம்போல் நொறுங்கியது. ஒரே ஒரு கங்கு உள்ளே புகுந்திருந்தால் போதும், தளத்தின் வழியாகத் தீ வீட்டுக்குள் ஏறியிருக்கும். அன்று எனக்கு ஏற்பட்ட அச்சம் இன்றும் நீங்கவில்லை. அதனால்தான் இந்த இடத்தைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சுவரை ஒட்டிய மரப்பட்டை மூடாக்கை அகற்றிவிட்டுச் சரளைக்கல் பரப்புங்கள். ஜூனிப்பர், ரோஸ்மேரி போன்ற எண்ணெய்ப்பசையுள்ள செடிகள் சன்னலின் கீழே இருக்கவே கூடாது. மரவேலி நேரடியாகச் சுவரில் முட்டினால், கடைசி 5 அடியை மட்டுமாவது உலோகத்துக்கு மாற்றுங்கள். மரவேலி திரிபோலச் செயல்பட்டு நெருப்பைச் சுவர்வரை கொண்டுவந்துவிடும். நம் வீடுகளுக்கென்றே ஒன்றைச் சொல்ல வேண்டும்: பண்டிகைக்குக் கட்டிய மாவிலைத் தோரணம் சருகாகிய பின்னும் மாதக்கணக்கில் நிலைப்படியில் தொங்குகிறது. பண்டிகை முடிந்த வாரமே அதை எடுத்துவிடுங்கள். தேங்காய் நார் மிதியடியும் கோடையில் வாசலில் வேண்டாம்.

இரண்டாம் படி, 5 முதல் 30 அடி வரை. காய்ந்த புல், செத்த செடி, உதிர்ந்த இலை அனைத்தையும் வாரி எடுங்கள். மரக்கிளைகளைக் கவாத்து செய்து, ஒரு மரத்தின் கிளைக்கும் அடுத்த மரத்தின் கிளைக்கும் இடையே குறைந்தது 10 அடியும், புகைபோக்கியிலிருந்து 10 அடியும் இடைவெளி விடுங்கள். தரையிலிருந்து 6 அடி உயரம்வரை உள்ள கிளைகளை நீக்கிவிடுங்கள். மரத்தடியில் புதர் இருந்தால் இந்த 6 அடி போதாது. புதரின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு இடைவெளி வேண்டும், அதாவது 5 அடிப் புதருக்கு மேல் 15 அடி. இல்லையென்றால் புல்லிலிருந்து புதருக்கும், புதரிலிருந்து கிளைக்கும் நெருப்பு படியேறிவிடும். பெரும்பாலும் மரத்தை வெட்டுவதைவிடப் புதரை எடுத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

மூன்றாம் படி, 30 முதல் 100 அடி வரை. இங்கே புல்லை 4 அங்குலத்துக்குள் வெட்டிவைத்தால் போதும். விறகு அடுக்கை இந்த வளையத்துக்குக் கொண்டுசென்று, அதைச் சுற்றி 10 அடி வெறும் மண்ணாக விடுங்கள். சரிவு செங்குத்தாக இருந்தால் மரங்களுக்கிடையே 30 அடிவரை இடைவெளி தேவைப்படும், ஏனென்றால் நெருப்பு மேட்டை நோக்கி வேகமாக ஏறும். அதற்காகச் சரிவை மொட்டையடித்துவிடாதீர்கள். வேர்ப்பிடிப்பு இல்லாத மண் குளிர்கால மழையில் சரிந்துவிடும். புல்லை வேரோடு பிடுங்காமல் வெட்ட மட்டும் செய்யுங்கள்.

வேலையைக் காலை 10 மணிக்கு முன்பு, காற்று இல்லாத நாளில் செய்யுங்கள். புல்வெட்டும் இயந்திரத்தின் இரும்புத் தகடு கல்லில் மோதித் தெறிக்கும் பொறியே காட்டுத்தீயை மூட்டிவிடும். கல் நிறைந்த இடத்தில் நைலான் நரம்பு பொருத்திய கருவியையே பயன்படுத்துங்கள், தண்ணீர்க்குழாயை எட்டும் தூரத்தில் வைத்திருங்கள். மும்மூன்று இலைகளாக வளரும், தோலில் அரிப்பை உண்டாக்கும் பாய்சன் ஓக் செடியை வெறுங்கையால் தொடாதீர்கள், ஒருபோதும் எரிக்காதீர்கள். அதன் புகை நுரையீரலைப் புண்ணாக்கும். கிளையை அறுக்கும் முன் பறவைக்கூடு இருக்கிறதா என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

அக்டோபரில் முதல் வளையத்தை மட்டும் மறுபடி ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். வடக்கே டயாப்ளோ, தெற்கே சான்டா அனா என்று பெயர்பெற்ற வறண்ட பலத்த காற்றுகள் வீசும் பருவம் அது. தீபாவளியும் அதே வாரங்களில்தான் வருகிறது. தீ அபாய எச்சரிக்கை அறிவிக்கப்பட்டிருக்கும் நாளில் அகல்விளக்குகளை வாசலில் வைக்காமல் வீட்டுக்குள் ஏற்றுங்கள்.