பத்தாவதில் மார்க் குறைவா? சாய்ஸ் பட்டியலை இப்படிப் போடுங்கள்

பத்தாவதிலும் பிளஸ் ஒன்னிலும் மார்க் சரிந்திருந்தாலும், இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் நீங்கள் விரும்பும் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் சாய்ஸ் பட்டியலில், ஆசைப்பட்ட கல்லூரியையே முதலில் போடுங்கள். வேலூர்க்காரர்கள் பாகாயம் தந்தை பெரியார் அரசுக் கல்லூரியை 'நமக்கெங்கே கிடைக்கும்' என்று விட்டுவிட வேண்டாம்.

200-க்கான கட்-ஆஃப் பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான்: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. உங்கள் பட்டியலை மேலிருந்து பார்த்து, கிடைக்கக்கூடிய முதல் இடத்தை ஒதுக்குவார்கள். எட்டாத கல்லூரி மேலே இருப்பதால் கீழே உள்ளது கைநழுவாது. போன வருடக் கட்-ஆஃப் (கடைசியாக இடம் கிடைத்தவரின் மார்க்) உங்களுடையதை ஒட்டியும், அதற்குக் குறைவாகவும் உள்ள கல்லூரிகளை அடுத்தடுத்து நிறையச் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டியல் சின்னதாக இருப்பதுதான் ஆபத்து.

பாலிடெக்னிக் முதலாண்டுக்கு இது பொருந்தாது, அங்கே பத்தாவது மார்க்தான். விஐடி பி.டெக்குக்குத் தனி நுழைவுத் தேர்வு.