வீட்டில் ஆம்ப்ளிஃபயர் கட்டும்போது ஹீட் சிங்க்கில் செய்யக்கூடாத தவறுகள்

டேட்டாஷீட்டில் (கம்பெனி தரும் விவரத் தாள்) போட்டிருக்கும் வாட்ஸை அப்படியே நம்பி ஹீட் சிங்க், அதாவது ஐசியின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் துடுப்புத் தகடு, வாங்குவதுதான் பெரிய தவறு. அந்த எண்கள் பெரும்பாலும் 25 டிகிரிக்குச் சொல்லப்பட்டவை. வேலூரில் 25 டிகிரி மார்கழியில் கிடைக்கும். கத்திரி வெயிலில் வெளியிலேயே 40-ஐத் தாண்டும், அப்புறம் ஷீட் போட்ட வீட்டில் மூடிய பாக்ஸுக்குள் 55 என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழா வருவதே வைகாசி முதல் நாள், அக்னி நட்சத்திரத்துக்கு நடுவில். செட் ராத்திரி பகலாக ஓடுவதும் அப்போதுதான்.

கணக்கு போட்டுப் பாருங்கள். எல்எம்3886 என்ற ஆம்ப்ளிஃபயர் ஐசி, பிளஸ் மைனஸ் 28 வோல்ட், 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் அதிகபட்சம் சுமார் 20 வாட்ஸ் சூடாகப் போகும். உள்ளே சிலிக்கான் 125 டிகிரியைத் தாண்டக்கூடாது என்று வைத்தால், 25 டிகிரியில் மிச்சம் 100. அதை 20-ஆல் வகுத்தால் ஒரு வாட்டுக்கு 5 டிகிரி வரை ஏறலாம், அதில் ஐசிக்கும் மைக்காவுக்கும் (ஐசிக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே கரண்ட் பாயாமல் வைக்கும் மெல்லிய தகடு) 1.5 கழித்தால் ஹீட் சிங்க்குக்கு 3.5. இதையே 55 டிகிரியில் போட்டால் வெறும் 2. இந்த எண் குறையக் குறைய ஹீட் சிங்க் பெரிதாக வேண்டும். அதே சப்ளையில் 4 ஓம் போட்டால் சூடு 40 வாட்ஸ், மிஞ்சுவது 0.25 தான். அதற்கு ஹீட் சிங்க் தேடி அலைய வேண்டாம், சப்ளை வோல்டேஜைக் குறையுங்கள்.

ஃபுல் சவுண்டு வைத்தால்தான் சூடாகும் என்று நினைப்பதும் தவறு. எல்எம்3886 போன்ற கிளாஸ் ஏபி வகை ஆம்ப்ளிஃபயர் அதிகமாகச் சூடாவது முழு பவரில் ஏறக்குறைய 40 சதவீதத்தில்.

அடுத்தது மைக்கா. இந்த ஐசியின் எல்எம்3886டி வகையில் உலோக முதுகுத் தகடு மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது, எர்த் ஆன ஹீட் சிங்க்கில் பட்டால் ஷார்ட். மைக்கா போட்டும் ஷார்ட் ஆகிறதா? ட்ரில் போட்ட ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள், அங்கே நீட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பிசிறுதான் மைக்காவைக் கிழிக்கும். தேய்த்து எடுத்துவிட்டு, கரண்ட் கொடுக்கும் முன் ஐசி தகட்டுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே இணைப்பு இல்லையே என்று மல்டிமீட்டரில் கன்டின்யூட்டி பாருங்கள். சூடு கடத்தும் பேஸ்ட்டை அப்ப வேண்டாம், அடியில் உலோகம் மங்கலாகத் தெரிகிற அளவுக்குத் தடவினால் போதும்.

ஹீட் சிங்க் துடுப்புகள் செங்குத்தாக நிற்கட்டும், பாக்ஸில் கீழேயும் மேலேயும் ஓட்டை வேண்டும். ஐசி இல்லாமல் தனி டிரான்சிஸ்டர் வைத்துக் கட்டினால், அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் சும்மா இருக்கும்போது ஓடும் கரண்டைக் கட்டுப்படுத்தும் பயாஸ் டிரான்சிஸ்டரையும் அதே ஹீட் சிங்க்கில் பொருத்துங்கள், இல்லாவிட்டால் சூடு ஏற ஏற கரண்ட் ஏறி அவுட்புட் ஜோடி போய்விடும். டெஸ்ட் செய்வதை மட்டும் ராத்திரியில் மூடியைத் திறந்து வைத்துச் செய்யாதீர்கள். மத்தியானம் மூடியைப் போட்டு ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள்.