மாத்திரை விழுங்கிய நேரம்: எச்.ஐ.வி. மருந்து ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவ மருந்தியலில் முதுநிலை ஆய்வு செய்ய மும்பைக்கு வரும் நம் பிள்ளைகள், ரத்தத்தில் மருந்தின் அளவைக் காட்டும் கருவியைப் பழகப் பல மாதங்கள் உழைக்கிறார்கள். "மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டீர்கள்?" என்று கேட்கப் பழகுவதில்லை. நான் பார்த்த பெரிய தவறுகள் அங்கேதான் தொடங்கின.

எச்.ஐ.வி.யோடு காசநோயும் இருப்பவருக்குத் தரும் ரிஃபாம்பிசின், கல்லீரல் நொதிகளைத் தூண்டி எச்.ஐ.வி. மருந்தான டாலுடெக்ராவிரின் அளவைக் குறைத்துவிடும். அதனால் தினம் ஒரு வேளை தரும் 50 மில்லிகிராமை இரு வேளை தருகிறோம். அது போதுமா என்று அறிய, அடுத்த வேளை மாத்திரைக்குச் சற்று முன்பு ரத்தம் எடுக்க வேண்டும்.

தாராவியில் இட்லி விற்கும் பெரியவர் ஒருவருக்குக் காலை 9 மணிக்கு எடுத்தோம். கடைசி மாத்திரை முந்தைய இரவு 9 மணி என்றது படிவம். மருந்தின் அளவோ எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். மாணவி கருவியைச் சந்தேகித்து இரண்டு நாள் அலைந்தாள். பிறகு அவரிடமே தமிழில் கேட்டாள். "மாவு ஊற்றும் முன்பே, மூன்று மணிக்கே போட்டுவிட்டேனே அம்மா!" என்றார். நாஷ்தாவுக்கு, அதாவது காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு மாத்திரை போட்டீர்களா என்று இந்தியில் கேட்டிருந்தார்கள், இல்லை என்றிருக்கிறார். அதுவும் உண்மைதான். காலை, இரவு என்று கேட்காதீர்கள்; மணியைக் கேளுங்கள்.

மொழி புரியவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரரை மொழிபெயர்க்க அழைப்பது இதைவிடக் கொடிய தவறு. ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் ஒரு சொல் கசிந்தால் போதும், அந்தக் குடும்பம் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

கணக்கிடும்போதும் கவனம் வேண்டும். கருவி அளக்க முடியாத அளவுக்குக் குறைந்த மதிப்பைச் சுழியம் என்று எழுதிவிடாதீர்கள். ரிஃபாம்பிசினை நிறுத்திய மறுநாளே அதன் தாக்கம் போய்விடாது. ஏறத்தாழ இரண்டு வாரம் நீடிக்கும். டாலுடெக்ராவிர் தொடங்கியதும், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருளான கிரியாட்டினின் ரத்தத்தில் சற்று ஏறினால் உடனே சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். கிரியாட்டினின் சிறுநீரில் சுரப்பதை அந்த மருந்து தடுப்பதாலும் அப்படி ஏறும்.

பெரியவரின் ரத்த மாதிரியை மாணவி தூக்கி எறியப் பார்த்தாள். நான் விடவில்லை. தவறான நேரத்தின் மேல் ஒற்றைக் கோடு, பக்கத்தில் சரியான நேரம், காரணம், கையெழுத்து, தேதி. மாத்திரை போட்டு ஆறு மணி நேரம் கழித்து எடுத்த மாதிரியாக அது எங்கள் ஆய்வில் சேர்ந்தது.