பெட்ரோல் விலை: நாம் எங்கே தப்புக்கணக்குப் போடுகிறோம்

2020 ஏப்ரல், ஊரடங்கு நேரம். இந்தியா வாங்கும் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 20 டாலர் அளவுக்கு இறங்கிக் கிடந்தது. ஒரு பீப்பாய் என்றால் 159 லிட்டர். டாலருக்கு அப்போது 76 ரூபாய். பெருக்கி வகுத்துப் பார்த்தால் ஒரு லிட்டர் கச்சா எண்ணெய் 10 ரூபாய்கூட வரவில்லை. கடையில் விற்கும் தண்ணீர் பாட்டிலே 20 ரூபாய். அந்த மாதம் சென்னையில் பெட்ரோல் லிட்டர் 72 ரூபாய்க்கு விற்றது. மே மாதம் அது இன்னும் ஏறியது.

இந்தக் கணக்கை அன்றைக்கு ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். அதற்குப் பிறகு பெட்ரோல் விலையைப் பற்றி டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் நாம் பேசிக்கொள்வதில் எவ்வளவு பிசகு இருக்கிறது என்று புரிய ஆரம்பித்தது.

ஒரே ஒரு குற்றவாளியைத் தேடுவது

2020 மே முதல் வாரத்தில் நடந்ததைப் பாருங்கள். தமிழக அரசு வாட் வரியை மாற்றியமைத்தது, பெட்ரோல் 3.25 ரூபாயும் டீசல் 2.50 ரூபாயும் ஏறின. இரண்டு நாள் கழித்து மத்திய அரசு கலால் வரியைப் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் கூட்டியது. இந்த இரண்டாவது உயர்வு பங்க் விலையில் தெரியவே இல்லை. உலகச் சந்தையில் விழுந்த விலை நம் கைக்கு வந்து சேராமல் வழியிலேயே நிறுத்தப்பட்டது, அவ்வளவுதான். அதனால் யாரும் பெரிதாகச் சத்தம் போடவில்லை.

மத்திய அரசை ஆதரிப்பவர் மாநில வாட் வரியைக் காட்டுவார், மாநில அரசை ஆதரிப்பவர் கலால் வரியைக் காட்டுவார். இருவருக்கும் பங்கு உண்டு என்பதுதான் உண்மை. ஆனால் சமபங்கு இல்லை. 2014இல் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9.48 ரூபாயாக இருந்த கலால் வரி, 2020 மே மாதத்தில் 32.98 ரூபாய் ஆனது. 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் குறைத்த பிறகு 19.90 ரூபாய்க்கு வந்தது. அந்த 19.90 ரூபாயில் மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டிய அடிப்படை வரி வெறும் 1.40 ரூபாய். மீதி செஸ் என்றும் கூடுதல் வரி என்றும் பெயர் வைத்து வசூலிக்கப்படுவதால் அப்படியே மத்திய அரசிடம் தங்கிவிடும். மாநில நிதியமைச்சர்கள் வாட் வரியை விட்டுக்கொடுக்கத் தயங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். அதற்காகத் தமிழகம் கை சுத்தம் என்று சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்த பிறகும், 13 சதவீதமும் அதற்கு மேல் லிட்டருக்கு 11.52 ரூபாயும் வாட் வரியாகப் போனது.

"ஜிஎஸ்டிக்குள் கொண்டுவந்தால் விலை பாதியாகிவிடும்" என்ற பேச்சும் இதே வகைதான். 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இரண்டு அரசுகளும் நம்பியிருக்கும் வருமானம் அது. இங்கே விட்டால் வேறு எங்கேயாவது பிடிக்க வேண்டியிருக்கும்.

டாலர் விலையை மட்டும் பார்ப்பது

"2014இல் கச்சா எண்ணெய் 109 டாலர், பெட்ரோல் எழுபது சொச்சம். இப்போது 80 டாலர்தான், பெட்ரோல் ஏன் 100?" என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கும். கேள்வி நியாயமானது. ஆனால் அதில் ரூபாயைக் காணோம். 2014 ஜூனில் டாலருக்கு 60 ரூபாய். 109 டாலரை 60ஆல் பெருக்கி 159ஆல் வகுத்தால் லிட்டருக்கு 41 ரூபாய். 2024இல் டாலருக்கு 83 ரூபாய். 80 டாலர் பீப்பாய் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 42 ரூபாய். டாலரில் கால்பங்குக்கு மேல் குறைந்த சரக்கு, ரூபாயில் கொஞ்சம்கூடக் குறையவில்லை. தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் நாட்டுக்கு, ரூபாய் சரிவதும் பீப்பாய் விலை ஏறுவதும் ஒரே அடிதான்.

ரஷ்யாவிடம் மலிவாக வாங்கியும் நமக்கு ஏன் குறையவில்லை என்பது அடுத்த கேள்வி. இங்கே நாம் செய்யும் தவறு, "விலையைச் சந்தை தீர்மானிக்கிறது" என்று நம்புவது. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010இலும் டீசல் கட்டுப்பாடு 2014இலும் நீக்கப்பட்டன. 2017 ஜூன் முதல் தினமும் விலை மாறும் என்றார்கள். ஆனால் 2021 நவம்பர் தொடக்கத்திலிருந்து 2022 மார்ச் 22 வரை 137 நாள் ஒரு பைசா மாறவில்லை. இடையில் ஐந்து மாநிலத் தேர்தல். அதே சமயத்தில்தான் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்து கச்சா எண்ணெய் எகிறியது. தேர்தல் முடிந்ததும் தினம் 80 பைசா ஏறத் தொடங்கியது. 2022 ஏப்ரலில் மறுபடியும் உறைந்து, மே வரிக் குறைப்பைத் தவிர அசையாமல் கிடந்து, 2024 மார்ச்சில் 2 ரூபாய் குறைந்தது. அதுவும் மக்களவைத் தேர்தலுக்கு முன்னால். இப்படி உறைந்திருந்த காலத்தின் முதல் ஆறு மாதத்தில், அதாவது 2022 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களும் சேர்ந்து 21,000 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டப்பட்டன. அடுத்து 2023-24இல் அவற்றின் லாபம் 80,000 கோடியைத் தாண்டியது. மலிவு எண்ணெயின் பலன் எங்கே நின்றது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

சரி, அப்படியானால் அரசே விலையை அமுக்கி வைத்துக்கொள்ளட்டுமே என்று தோன்றும். இலங்கையில் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். 2022 ஜனவரியில் 177 ரூபாய்க்கு விற்ற பெட்ரோல் ஜூன் கடைசியில் 470 ரூபாய். விலையைவிடக் கொடுமை, சரக்கே இல்லை. கையில் டாலர் இல்லாததால் கப்பலுக்குப் பணம் கட்ட முடியவில்லை. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சனங்கள் நாள்கணக்கில் வரிசையில் கிடந்தார்கள், வரிசையிலேயே உயிர்விட்டவர்களும் உண்டு. அப்புறம் கியூஆர் அட்டை போட்டு வாரத்துக்கு இத்தனை லிட்டர் என்று அளந்து கொடுத்தார்கள். விலைப் பலகையில் இருக்கும் எண்ணைக் குறைத்து வைப்பதும், எண்ணெய்க்காகக் கொட்டும் அந்நியச் செலாவணியைக் குறைப்பதும் வேறு வேறு காரியம்.

நம் மண்ணிலேயே தோண்டினால்?

இந்தியா ஒரு வருடத்தில் எடுக்கும் கச்சா எண்ணெய் சுமார் 29 மில்லியன் டன். செலவழிக்கும் பெட்ரோலியப் பொருட்கள் 230 மில்லியன் டன்னுக்கு மேல். காவிரிப் படுகையில் இன்னும் நாலு கிணறு போட்டாலும் இந்த இடைவெளி அடையாது. உள்ளூரில் எடுத்தாலும் அதற்கு உலகச் சந்தை விலைதான் வைக்கிறார்கள். டெல்டாவை 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்ததால்தான் பெட்ரோல் விலை ஏறுகிறது என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். வயலை விட்டுக்கொடுத்தாலும் பங்கில் ஒரு ரூபாய் குறையாது.

பெட்ரோலையே பார்த்துக்கொண்டு டீசலை மறப்பது

எல்லாத் தவறுகளிலும் பெரியது இதுதான். நாம் வண்டிக்குப் பெட்ரோல் போடுவதால் பெட்ரோல் விலைதான் கண்ணில் படுகிறது. 2023-24இல் நாடு எரித்த பெட்ரோல் 37 மில்லியன் டன், டீசல் கிட்டத்தட்ட 90 மில்லியன் டன். லாரி, பஸ், டிராக்டர், மீன்பிடிப் படகு எல்லாம் அதில்தான் ஓடுகின்றன.

என் அக்கா வீட்டுக்காரர், எங்களுக்கு மாமா, ஒரு குட்டியானை, அதாவது சின்ன லோடு வண்டி, வைத்திருக்கிறார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் முருங்கையும் தக்காளியும் ஏற்றி மதுரைக்குப் போவார். போகவர இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, 12 லிட்டர் டீசல், ஆயிரம் ரூபாய்க்கு மேல். ஒருமுறை அவரோடு போனேன். காலை ஆறு மணிக்குள் சரக்கு இறங்கிவிட்டது. திரும்பி வரும்போது பின்னால் நாலு காலிக் கிரேடும் ஒரு தார்ப்பாயும்தான். "எம்ட்டியாத்தான் வரணும், வேற என்ன செய்யறது" என்றார். அந்த 12 லிட்டரில் பாதி எதையும் சுமக்காமல் எரிந்தது. அந்தச் செலவும் தக்காளி விலையில்தான் ஏறும். கொடைரோடு டோல்கேட்டில் எங்களுக்கு முன்னால் நின்ற பெரிய லாரிகளில் ரெண்டு மூன்று அப்படித்தான் காலியாக நின்றன.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 1950களில் நாட்டின் சரக்கில் 80 சதவீதத்துக்கு மேல் ரயிலில் போனது. இப்போது 30 சதவீதத்துக்கும் கீழே. ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் நகர்த்த லாரியைவிட ரயிலுக்கு எரிபொருள் மிகக் குறைவு. அகல ரயில்பாதைகள் ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்டதால் டீசலே வேண்டாம். சரக்குக்கென்று தனிப் பாதை வடக்கிலும் மேற்கிலும் போட்டிருக்கிறார்கள். தெற்கே இன்னும் இல்லை. எண்ணெய் இறக்குமதியைக் குறைப்பது பற்றி நம் எம்.பி.க்களிடம் கேட்க ஒரே ஒரு கேள்வி இருந்தால் நான் இதைத்தான் கேட்பேன்.

எத்தனாலை விடுதலை என்று நினைப்பது

2014இல் பெட்ரோலில் எத்தனால் 1.5 சதவீதம், 2025இல் 20 சதவீதம். பெரிய வேகம்தான். ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. இதற்கென்று வடிவமைக்காத கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று 2021இல் நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது. மொத்த எண்ணெய்ச் செலவில் பெட்ரோலே ஆறில் ஒரு பங்குதான், அதில் ஐந்தில் ஒரு பங்கை வலுக் குறைந்த எரிபொருளால் நிரப்பினால் மிச்சம் நூற்றுக்கு இரண்டோ மூன்றோதான்.

அதற்கு நாம் கொடுக்கும் விலையைக் கோழிப்பண்ணைகள் நிறைந்த நாமக்கல்லில் பார்க்கலாம். கரும்பு போதாமல் மக்காச்சோளத்தையும் எத்தனால் ஆலைகள் வாங்கத் தொடங்கின. கோழித் தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளம். ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024இல் மக்காச்சோளத்தை இறக்குமதி செய்தது. எண்ணெய்க் கப்பலைக் குறைக்கப்போய்த் தானியக் கப்பலை வரவழைத்தோம். வீணாகும் தானியத்திலும் வைக்கோலிலும் எத்தனால் எடுப்பதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். விளைநிலத்தையும் கரும்புக்கான தண்ணீரையும் எஞ்சினுக்குக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மின்சார வண்டி, பஸ்

நிலக்கரியில்தானே மின்சாரம் வருகிறது, இ-ஸ்கூட்டரால் என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. சுற்றுச்சூழல் வேறு கணக்கு. எண்ணெய்க் கணக்கில் லாபம் தெளிவு. நூறு கிலோமீட்டர் ஓட இ-ஸ்கூட்டருக்குச் சுமார் 3 யூனிட் போதும், பெட்ரோல் ஸ்கூட்டருக்கு 2 லிட்டர் வேண்டும். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் 24 ரூபாய்க்கு எதிரே 200 ரூபாய்.

ஆனால் எல்லாரும் ஆளுக்கொரு இ-ஸ்கூட்டர் வாங்கிவிட்டால் தீர்ந்தது என்பதும் தவறுதான். டவுன் பஸ் ஒரு லிட்டர் டீசலில் 4 கிலோமீட்டர் ஓடும் என்று வைப்போம். 50 பேர் ஏறினால் ஒரு லிட்டரில் 200 ஆள்-கிலோமீட்டர். ஒற்றை ஆள் ஓட்டும் நல்ல பைக்கில் அதே ஒரு லிட்டருக்கு 50, 60. பழைய டீசல் பஸ்ஸே மூன்று நான்கு மடங்கு சிக்கனம். 2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் கிளம்பின; அந்தக் கணக்கில் டீசலே கிடையாது. 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் கொடுத்ததைச் சலுகை என்று மட்டும் பார்க்கிறோம். காலேஜ் போகும் பெண்ணுக்கு நேரத்துக்கு பஸ் கிடைத்தால் அந்த வீட்டில் இரண்டாவது ஸ்கூட்டர் வாங்கும் பேச்சு வராது. எங்கள் பக்கம் கிராமத்துக்கு பஸ் வரும் நேரங்களுக்கு நடுவே மூன்று மணி நேர இடைவெளி. அதனால்தான் வீட்டுக்கு வீடு பைக் நிற்கிறது.

காலையில் போட்டால் பெட்ரோல் அதிகம் கிடைக்கும், 100க்குப் பதில் 110 ரூபாய்க்குப் போட வேண்டும் என்பவற்றில் நேரத்தை விடாதீர்கள். எண்ணெய்த் தொட்டி மண்ணுக்கு அடியில் இருக்கிறது, காலை மாலை வெப்பத்தால் பெரிய வித்தியாசம் வராது. அளவில் சந்தேகம் என்றால் பங்கில் 5 லிட்டர் அளவுக்குடுவை இருக்கும், எடுத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். டயரில் காற்றைச் சரியாக வைத்திருப்பது இந்த எல்லாவற்றையும்விடக் கூடுதலாக மிச்சம் பிடிக்கும்.

மாமா போன தீபாவளிக்குப் பிறகு மதுரையில் ஒரு பிளைவுட் கடைக்காரரிடம் பேசி, திண்டுக்கல்லுக்குத் திரும்பு லோடு பிடித்திருக்கிறார். வாரத்தில் மூன்று நாள் கிடைக்கிறது. மற்ற மூன்று நாளும் காலிக் கிரேடோடுதான் வருகிறார்.